பதினாறாம் நாள் எடுத்த கல்

அன்று காலை உணவுக்கூடத்தின் சாளரம் வடிவுக்கு இரண்டு தட்டுகளை நீட்டியது.

செவ்வாயின் செம்மண்ணுக்கு அடியில் நாலாயிரம் பேர் வாழும் பொதிகை நகரில், சமையற்கூடம் ஆளைப் பார்த்துப் பரிமாறுவதில்லை. ஏட்டைப் பார்த்துப் பரிமாறும். ஏடு என்று ஊரார் அழைத்தது ஒரு தரவுத்தளத்தை. ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. ஒருவருக்கு உணவு வருவதும், அவர் அறைக்குக் காற்று போவதும், கதவு திறப்பதும், பூமிக்குத் திரும்பும் கப்பலில் இருக்கை கிடைப்பதும் அந்தப் பக்கத்தைப் பொறுத்தவை. ஊரில் இருக்கும், அல்லது ஊர் திரும்பிக்கொண்டிருக்கும், கணவன் மனைவிக்கு உணவு ஒரே சாளரத்தில் சேர்ந்து வரும். நாலு மாதமாக வடிவுக்கு ஒரு தட்டுதான் வந்துகொண்டிருந்தது.

அவள் தலையை உயர்த்திச் சுவர்ப்பலகையைப் பார்த்தாள். கணவனின் பெயர் பச்சை எழுத்தில் எரிந்தது. கோமதிநாயகம். ஊர் திரும்புகிறார். புறப்பட்ட இடம் வடபனி நிலையம்.

வடபனி நிலையம் எண்ணூறு கிலோமீட்டர் வடக்கே, நிலத்தடிப் பனிக்கட்டியை வெட்டி எடுக்கும் இடம். அங்கிருந்து புறப்பட்டு, தூசிப் புயலுக்குள் நான்கு நாள் ஊர்தி ஓட்டி, ஊர்வாயிலுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கையில் காற்றுக்குழாய் அடைத்து, பத்தொன்பது நாளுக்கு முன் அவன் இறந்து போனான். உடலைக் கொண்டுவந்தபோது வடிவு முகத்தைப் பார்த்தாள். இமைகளில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தாள். ஆகவே பலகையைக் கண்டு அவள் ஏமாறவில்லை. ஆனாலும் இரண்டாம் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. எதிர் இருக்கையின் முன் அதை வைத்துவிட்டுத் தன் தட்டை உண்டாள். பிறகு அதையும் தன்பால் இழுத்து, கடைசிப் பருக்கை வரை உண்டாள். பிறகு எழுந்து ஏட்டகத்துக்கு நடந்தாள்.

ஏட்டகத்தில் ஆவுடையப்பன் விடிந்ததிலிருந்து நான்கு பெயர்களைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஏட்டை வடிவமைத்தவரும் இருபது ஆண்டுகளாக அதைக் காத்து வருபவரும் அவரே. இருபத்தெட்டு நாள் வீசிய புயல் முந்தின நாள் மாலைதான் அடங்கியது. புயலில் ஊமையாக நின்ற செய்திக் கோபுரங்கள் மீண்டும் பேசத் தொடங்கின. ஊரில் இருந்த ஏட்டின் பிரதியும் வடபனியில் இருந்த பிரதியும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டன. அந்தச் சரிபார்ப்பில், புயலின் முற்பாதியில் இறந்துபோன நால்வர் உயிர் பெற்றுவிட்டனர்.

ஊர்ச் செயலர் ஜெசிந்தா அதற்குள் இரண்டு முறை வந்து போயிருந்தார். கடுமையானவர் அல்லர், கடிகாரத்தோடு வாழ்பவர். பூமிக்குச் செல்லும் கப்பல் நான்கு நாளில் புறப்படுகிறது. பயணிகளின் பட்டியல் அன்று நண்பகலில் முடிவாகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து, தாமோ குடும்பத்தாரோ பெயர் கொடுத்தவர்களுக்கு ஏடு தானாகவே இருக்கை ஒதுக்கிவிடும். உயிர் பெற்ற நால்வரில் மூவருக்கு ஒப்பந்தம் முடிந்திருந்தது. கோமதிநாயகமும் அவர்களில் ஒருவன். அம்மூவரும் மூன்று இருக்கைகளைப் பிடித்துக்கொள்ள, வரிசையில் காத்திருந்த மூவர் கழன்று போயினர். கழன்றவர்களில் ஒருத்தி சிறுநீரக நோயாளி. அடுத்த கப்பலுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

"செத்தவங்கள மறுபடியும் சாகடிக்கச் சொல்லுறது எனக்கு மட்டும் சந்தோஷமா, சார்?" என்று கதவருகில் நின்றபடியே ஜெசிந்தா கேட்டிருந்தார். "பன்னெண்டு மணிக்குள்ள கல்லப் போட்டிருங்க. அதுக்குப் பொறவு பட்டியல் என் கையில இல்ல."

நால்வரின் பக்கங்களிலும் கல், அதாவது இறந்தவர் என்ற குறி, வைப்பதற்கான கட்டளையை ஆவுடையப்பன் எழுதி முடித்திருந்தார். ஒரு விசையை அழுத்த வேண்டியதுதான் மிச்சம். அப்போது வடிவு உள்ளே வந்தாள். காற்று வடிகட்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்பவள். கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, காலையில எனக்கு ரெண்டு தட்டு வந்துச்சு."

"தெரியும்மா. தப்பு என்னோடது. இப்பம் சரி பண்ணிருதேன்."

"ரெண்டையும் நானே தின்னுட்டேன். வீணாக்குனா அவுகளுக்குப் பிடிக்காது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் ஆறுதல் கேட்டு வரவில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்தது. பழுதுபட்ட கருவியின் முன் உட்காருபவளைப் போல உட்கார்ந்து, இது எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டாள். மறைக்காமல் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. ஆனால் தொழிற்சொற்களால் ஒரு பெண்ணின் துக்கத்தின் மேல் நடக்க அவர் விரும்பவில்லை. ஆகவே இரண்டு ஆமைகளின் கதையைச் சொன்னார்.

ஒரு மலையடிவாரத்தில் மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம். நடுவே ஒரு வாய்க்கால். ஒவ்வொரு குளத்திலும் ஓர் ஆமை கொக்குகளின் பெயர்களைச் சேற்றில் எழுதி வைத்திருந்தது. வாய்க்காலில் நீர் ஓடும்போதெல்லாம் இரண்டு ஆமைகளும் பட்டியலை ஒப்பிடும். தன்னிடம் இல்லாத பெயர் மற்றதனிடம் இருந்தால் எழுதிக்கொள்ளும். ஒருநாள் மேற்குளத்தில் ஒரு கொக்கு இறந்தது. மேற்குளத்து ஆமை அதன் பெயரை அழித்தது. நீர் ஓடியதும் கீழ்க்குளத்து ஆமை, "தம்பி, ஒரு பெயரை விட்டுவிட்டாயே" என்றது. மேற்குளத்து ஆமை திரும்ப எழுதிக்கொண்டது. அழித்தது, திரும்ப எழுதியது. இறந்த கொக்கு நாள்தோறும் பிறந்தது. ஏனென்றால் வெற்றிடத்துக்குப் பேசத் தெரியாது. 'இல்லை' என்று சொல்வதற்கும் அந்த இடத்தில் ஒன்று இருந்தாக வேண்டும். இதை உணர்ந்த மேற்குளத்து ஆமை, பெயர் இருந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தது. அடுத்த முறை நீர் ஓடியபோது கல்லைக் கண்ட கீழ்க்குளத்து ஆமை, தானும் அந்தப் பெயரின் மேல் ஒரு கல்லை வைத்தது.

"சரி. பொறவு ஏன் எந்திரிச்சாவ?" என்று கேட்டாள் வடிவு.

கல்லை எக்காலமும் வைத்திருக்க முடியாது என்றார் ஆவுடையப்பன். ஆண்டுகள் போகப் போகக் கற்கள் பெருகும். ஒரு பெயரைத் தேடும் ஆமை எல்லாக் கற்களையும் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். ஏடு மெதுவாகும்; கதவுகள் தாமதமாகத் திறக்கும். ஆகவே சில நாள் கழித்துக் கல்லை எடுத்துவிடுவது முறை. முதலில் நாற்பது நாள் வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கதவு திறக்க நேரமாகிறது என்று ஊர்ச்சபையில் குறை எழுந்தபோது, நாட்களைக் குறைக்கும்படி அவரிடம் சொன்னார்கள். அவர் பதினாறு என்று மாற்றினார். இம்முறை புயலில் வாய்க்கால் வறண்டு கிடக்கையிலேயே, கீழ்க்குளத்து ஆமை காணும் முன்பே, கல் எடுபட்டுவிட்டது.

"பதினாறு என்ன கணக்கு, அண்ணாச்சி?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "எங்க குடும்பத்துல பதினாறாம் நாள் காரியத்துலதான் ஊன்றுன கல்ல எடுப்போம். கை தானா அந்த எண்ண அடிச்சிருச்சு. சபையிலயும் எல்லாரும் நம்ம பக்கத்து ஆளுதான, பதினாறுன்னதும் சரிதான்னு தலையாட்டிட்டாவ. புயல் எத்தன நாள் அடிக்கும்னு நான் கேட்டிருக்கணும். வீட்டுல எத்தன நாள் அழுவாவன்னு கேட்டுட்டேன்."

"எங்க வீட்டுல இன்னும் முடியல" என்றாள் அவள்.

திரையில் மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஆவுடையப்பனின் கை மெல்ல விசைப்பலகையை நோக்கி நகர்ந்தது. இனி ஒரு நொடியில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார்.

"அந்தக் கொக்கு சாகுறதுக்கு முன்னாடி கீழ்க்குளத்துல முட்டை இட்டிருந்தா?" என்றாள் வடிவு.

"என்னம்மா?"

"கீழ ஆமைக்குக் கல்லு வருது. பேரு இருந்த இடத்துல வைக்கி. முட்டையும் அங்கனதான கிடக்கும்?"

அவர் கை நின்றது. கதை அவருடையதாக இருந்தும் அதில் இப்படியொரு ஓட்டை இருப்பதை அவர் கண்டதில்லை. ஏட்டை வடிவமைத்த நாளில், ஒருவருடைய அனைத்தையும் அவருடைய ஒரே பக்கத்தில் வைப்பது என்று தீர்மானித்தவர் அவர். உணவு, காற்று, உடல்நலம், அவர் எழுதும் கடிதங்கள், எல்லாம் ஒரே இடத்தில். ஒரே இடத்தில் இருந்தால் ஒரே எட்டில் எடுக்கலாம். அதனால்தான் ஏடு அத்தனை விரைவு. கடிதங்கள் எழுதியவரின் பக்கத்தில் இருக்கும். நாள்தோறும் மாலையில் ஒருமுறை அவை உரியவர்களுக்குப் பகிர்ந்து வழங்கப்படும். வழங்கப்படுவதற்கு முன் எழுதியவரின் பக்கத்தில் கல் விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மாலைக்குள் யார் அவ்வளவு அவசரமாக இறந்துவிடப் போகிறார் என்று அவரும் இருந்துவிட்டார். ஒரு மாலை இருபத்தெட்டு நாளாக நீளக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கட்டளையை ஒதுக்கிவிட்டுக் கோமதிநாயகத்தின் பக்கத்தைத் திறந்தார். அடிவரியில் இருந்தது: கடிதம் 1. பெறுபவர் வடிவு. இன்னும் வழங்கப்படவில்லை.

அவர் சொல்வதற்கு முன்பே அவள் அதைப் படித்துவிட்டாள். அதன் பிறகுதான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

பூமிக்குத் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்பதில் அவர்களுக்குள் ஓராண்டாக மனத்தாங்கல். அவளுக்குத் திரும்ப வேண்டும்; அவன் அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவான். அப்படி எழுந்து போன ஒருநாள்தான் வடபனிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த அவள், புயல் எழுந்த அன்று மாலை அவனுக்கு நாலு வரி எழுதினாள். கப்பலுக்கு இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று. கடிதத்தின் அடியில் 'சென்றது' என்று காட்டியது. ஐந்து நாள் கழித்து அவன் யார் சொல்லியும் கேளாமல் புயலுக்குள் ஊர்தியை எடுத்தான்.

"என் கடிதந்தான் அவுகள இழுத்துட்டு வந்துச்சு" என்றாள் வடிவு. "அது தெரியும். தெரியாதது ஒண்ணுதான். என்னத் தடுக்க வந்தாவளா, கூட வர வந்தாவளா? அது தெரியாம நான் கப்பல்ல ஏற முடியாது. இங்கன இருக்கவும் முடியாது."

மணி பதினொன்றே கால். மாலை வழங்கலுக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. கல்லுக்கு முக்கால் மணி நேரம். இடையில் ஒரே வழி, ஏட்டகத்தார் கடிதத்தைக் கையால் திறந்து எடுப்பது. எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்ற விதியை எழுதியவரும் ஆவுடையப்பனே. அவர் ஜெசிந்தாவை அழைத்து, இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மாலைவரை தவணை கேட்டார்.

"இங்க ஒருத்திக்கு ஒரு கடிதம் சார். அங்க ஒருத்திக்கு உயிரு" என்றார் ஜெசிந்தா. ஆனாலும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. "பன்னெண்டு மணிக்கு நான் அங்க வருவேன். அதுவரைக்கும் ஏட்டகத்துல என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது."

ஆவுடையப்பன் கடிதத்தைத் திறந்தார். திரையை வடிவின் பக்கம் திருப்பினார். அவள் தலையசைத்து மறுத்தாள். எழுத்து கண்ணில் நிற்காது, நீங்களே படியுங்கள் என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இறந்தவனின் பேச்சை அவன் எழுதியிருந்தபடியே படித்தார்.

"வடிவு, கோபுரம் ஊமையாகி அஞ்சு நாளாச்சு. இங்க வேலையும் இல்ல, பேச ஆளும் இல்ல. நம்ம அறையில நீ ரெண்டாவதா ஒரு கடிகாரம் மாட்டியிருக்கல்லா, பூமியில நம்ம ஊர் நேரம் காட்டுதது. இங்க ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீளமா ஓடுததால அது தினமும் நாப்பது நிமிஷம் விலகி விலகிப் போவும். நீ அதப் பாத்து, இப்பம் அங்கன விடியுது, இப்பம் அங்கன பள்ளிக்கூடம் விடுதுன்னு சொல்லுவ. நான் சிரிப்பேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இங்க வந்த மறுநாளே என் கைக்கடிகாரத்த ஊர் நேரத்துக்கு மாத்தி வச்சுட்டேன். மூணு மாசமா யாருக்கும் காட்டல. ராத்திரி முழிப்பு வந்தா அங்கன மணி என்னன்னு எனக்குத் தெரியும். நீ பேச்ச எடுக்கும்போதெல்லாம் நான் எந்திரிச்சுப் போனது போவப் பிடிக்காம இல்ல. போவணும்னு ஒருதடவ வாயால சொல்லிட்டா அதுக்குப் பொறவு இங்க ஒருநாள்கூட இருக்க முடியாதுன்னு பயம். சரி, சொல்லிட்டேன். ஊருக்குப் போயிருவோம். ரெண்டு பேரு பேரையும் குடுத்திரு. இது எப்பம் உன் கைக்கு வருமோ தெரியல. அதுக்குள்ள பட்டியல் முடிஞ்சிரும்னு பயமா இருக்கு. நாளைக்குக் காலையில வண்டிய எடுக்கேன். நான் முந்துதேனா இது முந்துதான்னு பாப்போம்."

வடிவு கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவி நேராக்கினாள். ஐந்தாம் விரலை நீவி முடித்தபின் நிமிர்ந்தாள்.

"என் கடிதத்தப் பத்தி ஒண்ணுமே இல்லையே, அண்ணாச்சி."

அவர் வடபனிப் பிரதியில் தேடினார். வடிவின் நாலு வரிக் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்த நேரம் பதிவாகியிருந்தது. முந்தின நாள் மாலை, கோபுரங்கள் பேசத் தொடங்கிய முதல் நிமிடம்.

"அவரு அதப் பாக்கவே இல்லம்மா. அது நேத்துதான் அங்க போயிருக்கு."

"சென்றதுன்னு காட்டுச்சே."

"அந்தச் சொல்ல எழுதுனவன் நாந்தான்." அவர் குரல் தாழ்ந்தது. "எதிர்ப்பக்கம் வாங்கியாச்சான்னு கேட்டுத்தான் சொல்லணும்னா, புயல் ஓயுத வரைக்கும் ஏடு வாயத் திறக்காது. காத்திருக்கச் சொன்னா ஆளுக எழுதுததையே விட்டிருவாவளோன்னு தோணுச்சு. அதனால, நம்ம பக்கத்துப் பிரதியில எழுதியாச்சுன்னா உடனே சென்றதுன்னு சொல்ல வச்சேன். முக்காவாசி நாள் அது உண்மையாத்தான் இருக்கும்."

"பத்தொம்பது நாளு" என்றாள் வடிவு. "நான்தான் கொன்னேன்னு நெனச்சுட்டிருந்தேன்."

அவள் அவரை மன்னிக்கவும் இல்லை, வையவும் இல்லை. அழைக்காமலேயே அவன் வந்திருக்கிறான், கேட்பதற்கு முன்பே சரி என்று சொல்ல வந்திருக்கிறான் என்பது அவளுக்குள் இறங்குவதற்கு இடம் வேண்டியிருந்தது. அங்கே வேறு எதற்கும் இடமில்லை. கடிதத்தைத் தன் பக்கத்தில் எழுதித் தருமாறு கேட்டாள். அவர் எழுதினார். எழுந்து கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

"கல்லப் போடுங்க, அண்ணாச்சி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டிருங்க. ரெண்டு தட்ட இன்னொரு தடவ என்னால தின்ன முடியாது."

"கப்பல்?"

"போறேன். அவுக போவோம்னு சொல்லிட்டாவல்லா."

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் ஜெசிந்தா வந்து, ஒன்றும் கேட்காமல் சுவரோரமாக நின்றார். ஆவுடையப்பன் விசையை அழுத்தினார். நான்கு பச்சைப் பெயர்கள் பலகையிலிருந்து நீங்கின. மூன்று இருக்கைகள் விடுபட்டுக் காத்திருந்த மூவரிடம் திரும்பின. ஜெசிந்தா நெற்றியில் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். நோயாளிப் பெண்ணின் வீட்டுக்குத் தாமே போய்ச் சொல்லப்போவதாகக் கூறிவிட்டு விரைந்தார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் வடிவு கேட்ட முட்டைக் கேள்வி மேசையைவிட்டு எழுந்து போகவில்லை.

பிற்பகலில் ஆவுடையப்பன் ஏட்டின் ஒரு சோதனைப் பிரதியை எடுத்தார். அதில் இல்லாத ஓர் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, அதில் ஒரு கடிதத்தை வைத்து, வழங்கும் முன்பே கல்லை இறக்கினார். எல்லாம் குறையின்றி நடந்தது. கடிதம் மறைந்தது. எந்த எச்சரிக்கையும் எழவில்லை. தொலைநிலையத்தின் நாட்பதிவில் மட்டும் ஒரு வரி சேர்ந்தது: 'கல் பெறப்பட்டது. அதன்கீழ் நீக்கியவை: கடிதம் 1.' அந்த நாட்பதிவை எழுதவைத்தவர் அவர்தான். படித்துப் பார்த்தவர் இதுவரை எவருமில்லை.

அப்போதுதான் அவருக்கு உண்மை முழு உருவத்தில் தெரிந்தது. பதினாறு என்பது பிழை. பிழை நேராமல், பழையபடி நாற்பது நாள் கல் இருந்திருந்தால், கோபுரம் பேசிய முதல் நிமிடமே அது வடபனிக்குப் போய், கோமதிநாயகத்தின் பக்கத்தின்மேல் ஓசையின்றி அமர்ந்திருக்கும். இரண்டு தட்டு வந்திராது. யாரும் ஏட்டகத்துக்கு வந்திருக்கமாட்டார்கள். ஏடு குற்றமற்றதாக இருந்திருக்கும். வடிவு ஆயுள் முழுதும் தன்னைக் கொலைகாரி என்று எண்ணிக்கொண்டிருப்பாள். பிழைதான் கடிதத்தைக் காத்தது. ஒழுங்கு அதை விழுங்கியிருக்கும்.

பிழை இல்லாத காலம் ஒன்று இருந்தது என்பதும் அவருக்கு நினைவு வந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் மனைவி உலகம்மை வடபனி நிலையத்துக்குச் செவிலியாகப் போனாள். ஓராண்டுதான், நீங்களும் வாருங்கள் என்றாள். ஏட்டை விட்டு வர இயலாது என்றார் அவர். அப்படியென்றால் ஏட்டோடு இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவள், இரண்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை. அவரும் எழுதவில்லை, அவள் முதலில் எழுதட்டும் என்று இருந்தார். பிறகு ஒரு புயல் எழுந்தது. புயலின் ஒன்பதாம் நாள், நினைவிழந்த நிலையில் அவளை ஊர்தியில் ஏற்றி ஊர் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அமர்ந்திருந்தார். அவள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய பக்கத்தில் கல்லை வைக்க வேண்டியிருந்தது. ஊரில் அதைச் செய்ய உரிமை உடையவர் ஒருவர்தான். அவரே வைத்தார். புயல் இருபத்திரண்டாம் நாள் ஓய்ந்தது. கல் அப்போது நாற்பது நாள் கல், உறுதியாக இருந்தது.

அதன்பின் ஆறு ஆண்டு, அவள் கோபம் தணியாமலே போய்விட்டாள் என்று நம்பி வாழ்ந்தார். யாரிடமும் சொன்னதில்லை. அவள் எழுதாத கடிதத்துக்காகக் காத்திருக்கவும் இயலாது. காத்திருக்காமல் இருக்கவும் தெரியாது.

வடபனியின் பழைய நாட்பதிவைக் கேட்டு அனுப்பினார். கோபுரம் கோபுரமாகக் கடந்து அது வந்துசேர ஒரு குவளைத் தேநீர் ஆறும் நேரமானது. அவளுடைய பக்க எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆறாண்டாக அது அவர் விரல்களில் இருந்தது. வரி கிடைத்தது.

'கல் பெறப்பட்டது. அதன்கீழ் நீக்கியவை: கடிதம் 3.'

யாருக்கு என்ற குறிப்பு அதில் இல்லை. ஆனால் உலகம்மைக்கு ஊரில் எழுதுவதற்கு வேறு எவரும் இருக்கவில்லை.

மூன்று. புயல் நாட்களில், போய்ச் சேருமா என்று தெரியாமலே, மூன்று முறை உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அவர் திரையை அணைக்கவில்லை. அவள் எழுதவில்லை என்னும் துயரம் ஆறாண்டு பழகிப்போன துயரம். அதனோடு எப்படி உண்பது, எப்படி உறங்குவது என்று அவருக்குத் தெரியும். என்ன எழுதினாள் என்பது புதியது. அதனோடு வாழ அவர் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

கப்பல் போயிற்று. வடிவு போனாள். அடுத்த மூன்று மாதம் ஆவுடையப்பன் ஏட்டைப் பிரித்துக் கட்டினார். கல்லுக்கு இனி நாள் கணக்கு இல்லை. எல்லாப் பிரதிகளும் 'கண்டேன்' என்று சொன்ன பிறகே அது எடுக்கப்படும். கடிதம் எழுதியவரின் பக்கத்தில் இராது. எழுதிய அக்கணமே, எந்தப் பிரதியில் எழுதினாலும், பெறுபவரின் பக்கத்தில் இருக்கும். அங்கே எந்தக் கல்லும் அதைத் தொடாது. 'சென்றது' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இங்கே இருக்கிறது. அங்கே இன்னும் சேரவில்லை' என்று எழுதினார். ஒன்றுக்குப் பத்தாக எழுத வேண்டியிருந்ததால் ஏடு பருத்தது. ஒவ்வொன்றையும் கேட்டுக்கேட்டுச் செய்ததால் மெதுவானது.

ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. உணவுச்சாளரத்தின் முன் மக்கள் ஒரு மூச்சு நேரம் நிற்க வேண்டியதாயிற்று. ஜெசிந்தாவும் ஒருநாள் வந்து, பழைய வேகம் இனி வராதா சார் என்று கேட்டார். வராது என்றார் ஆவுடையப்பன். ஏன் என்று ஜெசிந்தா கேட்கவில்லை. மேசை மேல் கிடந்த பழைய நாட்பதிவின் அந்தத் தாளை அவர் முன்பே பார்த்திருந்தார்.

இப்போதும் காலையில் ஆவுடையப்பன் சாளரத்தின் முன் வந்து நின்றால், தட்டு உடனே வருவதில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் ஏடு எண்ணூறு கிலோமீட்டர் வடக்கே போய், இவருக்குரியது ஏதேனும் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்கிறது. ஒன்றும் இல்லை என்று வடபனி பதில் சொல்கிறது. பிறகு ஒரு தட்டு வருகிறது. பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுகிறார்கள். அவர் மட்டும் தட்டை வாங்கிக்கொண்டபின், இன்னும் ஒரு மூச்சு நேரம் அங்கேயே நிற்கிறார்.